எண்பது வீடுகள், மூன்று வேளை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போகும் சாலையில், லாரி டயர் விற்கும் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் உட்கார்ந்து, இலங்கையில் இருக்கும் விவசாயிகளிடம் நேற்று எத்தனை வேளை சாப்பிட்டீர்கள் என்று போனில் கேட்பதுதான் என் வேலையாக இருந்தது. என்ன வேலை என்று யாராவது விசாரித்தால் கால் சென்டர் என்று சொல்லிவிடுவேன். உள்ளதைச் சொன்னால் அரை மணி நேரம் விளக்க வேண்டியிருந்தது. ஒருமுறை மாமியாரை உட்கார வைத்து விளக்கினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவங்க எத்தினி வேள துன்னா உனுக்கு இன்னா?" என்றார்.

விஷயம் இவ்வளவுதான். அந்த நாட்டில் உரம் கிடைக்காமல் போய், விளைச்சல் விழுந்து, பெட்ரோலுக்கு ஜனங்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்ற காலம். வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்று வன்னிப் பக்கத்துக் கிராமங்களுக்கு அரிசியும் பருப்பும் விதைநெல்லும் கொடுத்தது. கொடுத்ததால் பலன் உண்டா, எந்தெந்த ஊருக்கு அடுத்த போகத்துக்கும் கொடுக்க வேண்டும் என்று பார்க்க ஒரு மதிப்பீடு வேண்டும். நேரில் ஆள் அனுப்ப அங்கே டீசல் இல்லை. தமிழ் பேசத் தெரிந்தவர்களை வைத்துப் போனில் கேட்டுவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். சென்னையில் ஒருவர் அந்த ஒப்பந்தத்தை எடுத்து, அங்கே வாடகை கட்டுப்படியாகாமல் எங்கள் ஊரில் ஒரு அறையைப் பிடித்தார். தமிழ் என்றால் எல்லாம் ஒரே தமிழ்தானே என்று மேலே யாரோ நினைத்திருக்கிறார்கள். முதல் வாரம் அவர்கள் பேசியதில் பாதி எனக்குப் புரியவில்லை. நான் பேசியதில் முக்கால்வாசி அவர்களுக்குப் புரிந்திருக்காது.

நாங்கள் நான்கு பேர், மேலே ஒரு டீம் லீடர். விவசாயக் குடும்பம் என்பதால்தான் என்னை எடுத்தார்கள். கவரைப்பேட்டை தாண்டி எங்களுக்கு இரண்டு ஏக்கர் இருக்கிறது. சம்பா மட்டும் போடுகிறோம். நவரைக்கு நடவு ஆள் கிடைப்பதில்லை, எல்லாப் பெண்களும் விடியும் முன் கம்பெனி வேனில் ஏறிவிடுகிறார்கள். நானும் ஏறியவள்தான், அதனால் குறை சொல்ல வாயில்லை. கணவருக்கு இரும்பு உருக்கும் ஆலையில் ஷிப்ட்.

முதல் இரண்டு மாதம் வேறு படிவம். வீட்டுச் செலவுக்காக எதையெல்லாம் விற்றீர்கள் என்று கேட்க வேண்டும். ஆடு, சைக்கிள், தண்ணீர் இறைக்கும் மோட்டார், மகளின் தோடு. ஒருவர் கதவை விற்றதாகச் சொன்னார். கதவுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை, "இதர" என்பதில் போட்டேன். அன்று மாலை ஷேர் ஆட்டோவில் அழுதுகொண்டே வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் வீட்டில் ஏதாவது தகராறா என்று கேட்டார். இரண்டாவது மாதம் அழுகை நின்றுவிட்டது. காது கேட்கும், விரல் அழுத்தும், அவ்வளவுதான். அதை நான் முன்னேற்றம் என்று நினைத்தேன். வேலை பழகிவிட்டது என்று கணவரிடம்கூடச் சொன்னேன்.

மூன்றாவது மாதம்தான் சாப்பாட்டுப் படிவம் வந்தது. ஆளுக்கொரு ஊர். என் பங்குக்கு வந்த ஊரில் எண்பது வீடுகள். முதல் கேள்வி, நேற்று உங்கள் வீட்டில் எத்தனை வேளை சாப்பிட்டீர்கள் என்பது. மூன்று என்று போட்டால் திரை நேராக விவசாயக் கேள்விகளுக்குப் போய்விடும். இரண்டு அல்லது ஒன்று என்று போட்டால்தான் பட்டினியைப் பற்றிய கேள்விகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். அவற்றில் கடைசி, கொடுத்த விதைநெல்லைச் சமைத்துச் சாப்பிட்டீர்களா என்பது.

அந்தக் கடைசிக் கேள்விக்காகப் பயிற்சி நாளிலேயே நான் டீம் லீடரிடம் சண்டை பிடித்தேன். விதைநெல் வாங்கியவர்கள் அறுவடையில் அதே அளவு நெல்லை ஊர்ப் பொதுக் களஞ்சியத்தில் திருப்பிப் போட வேண்டும், அது அடுத்த வீட்டுக்குப் போகும். சமைத்துவிட்டால் விதிமீறல், பயனாளிகள் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். வெள்ளம் வந்த வருடம் எங்கள் வீட்டிலேயே விதைக்கு வைத்திருந்ததை எடுத்துத்தான் பொங்கினோம், பசித்தவன் விதையென்றும் அரிசியென்றும் பிரித்துப் பார்ப்பானா என்று கேட்டேன். அவர் நல்ல மனிதர், குரலை உயர்த்த மாட்டார். விதி அவர்களுடையது, நமக்கு டிக் பண்ணுவது மட்டும்தான் வேலை என்றார். போனை மூன்று முறை எடுக்காத வீடுகளுக்கு "தொடர்பு கிடைக்கவில்லை" என்று ஒரு கட்டம் இருப்பதையும் காட்டினார். அவர்களை விலக்க மாட்டார்கள், ஊருக்கு என்ன முடிவோ அதுவே அவர்களுக்கும்.

போனை எடுத்ததும் நேற்று எத்தனை வேளை தின்றாய் என்று முன்பின் தெரியாதவரிடம் கேட்க என் வளர்ப்பு இடம் கொடுக்கவில்லை. வணக்கம் சொல்லி, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். நம் வீட்டுக்கு வந்தவரை நாம் கேட்பதில்லையா, அப்படித்தான். என் ஊர்க்காரர்களும் வாய் நிறையப் பேசினார்கள். யாரும் பாதியில் போனை வைக்கவில்லை. டீம் லீடர் என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, பேசினால் இவரைப் போல் பேச வேண்டும் என்று மற்ற மூவரையும் என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கச் சொன்னார். எனக்குக் கொஞ்சம் தலை கனத்தது உண்மைதான்.

அந்த மூவரில் ஒருவன் பெரியபாளையத்துக்காரன். கோயிலுக்கு வருகிறவர்களுக்கு வேப்பிலையும் பூசைச் சாமானும் விற்கிற குடும்பம். கூட்டத்தில் கத்திக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை அவனுக்கு. "நேத்து எத்தினி வேள?" என்று எடுத்த எடுப்பில் கேட்பான். முகத்தில் அடித்த மாதிரி இருக்கும். எத்தனையோ பேர் அவனைத் திட்டிவிட்டு வைத்திருக்கிறார்கள். இவனையெல்லாம் எதற்கு இந்த வேலைக்கு எடுத்தார்கள் என்று வீட்டில் போய்ப் புலம்பியிருக்கிறேன்.

என் எண்பது வீடுகளில் ஒரு பெண்மணியோடு மட்டும் பேச்சு நீண்டது. ஐம்பதை ஒட்டிய வயது, கணவர் இல்லை, மகளும் பேரப்பிள்ளைகள் இரண்டு பேரும் கூட இருந்தார்கள். சாப்பிட்டீங்களா என்றதும், சாப்பிட்டிட்டம் பிள்ளை, நீங்கள் சாப்பிட்டீங்களோ என்று திருப்பிக் கேட்டார். நேற்று மூன்று வேளையும் ஆயிற்றாம். விதைநெல்லை விதைத்தாயிற்றாம். எனக்கும் நிலம் இருக்கிறது என்றதும் அவர் குரல் மாறியது. அவர்கள் காலபோகம், சிறுபோகம் என்கிறார்கள். நாம் சொர்ணவாரி, சம்பா, நவரை என்கிறோம். நவரை என்ற சொல் அவருக்குப் பிடித்துப்போய் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். உங்கள் ஊரில் மூன்று போகமா என்று கேட்டார். பெயர் மூன்று இருக்கிறது, விளைவது ஒன்றுதான் என்றேன். சிரித்தார்.

படிவங்கள் முடிந்து, நான்கு ஊர்களின் முடிவுகளும் அறையில் இருந்த பெரிய திரையில் வந்த நாள் மழை. டயர் கடை வாசலில் முழங்கால் தண்ணீர். மற்ற மூன்று ஊர்களிலும் ஒரு வேளை, இரண்டு வேளை என்று கலந்து கிடந்தது. என் ஊரில் எண்பது வீடுகளும் மூன்று வேளை. எண்பதும்.

டீம் லீடர் மகிழ்ச்சியாகத்தான் இருந்தார். உதவி அங்கே நன்றாக வேலை செய்திருக்கிறது, அடுத்த போகத்துக்கு அந்த ஊருக்குத் தேவையில்லை என்று எழுதி அனுப்பிவிடலாம் என்றார். இரண்டு நாளில் அறிக்கை போக வேண்டும். நான் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்து ஊர்க்காரன் பட்டினி கிடக்க, இந்த ஊரில் மட்டும் எப்படி என்று எனக்கே இடித்தது. டீ குடிக்க இறங்கும்போது படிக்கட்டில் பெரியபாளையத்துக்காரன் பின்னாலேயே வந்தான்.

"யக்கா, நான் ஒண்ணு சொன்னா கோச்சுக்காத. நீ இன்னா பந்தி போட்டுக்கினா அவுங்கள கூப்புடுற? சாப்ட்டியானு கேட்டா எவங்க்கா இல்லன்னு சொல்வான்? ஒருவாட்டி ஆச்சுன்னு சொன்ட்டு, ரெண்டாவது கேள்விக்கு இல்லன்னு மாத்திப் பேசுவாங்களா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. அது அவன் சொன்னது தப்பு என்பதால் அல்ல. நம் வீட்டில் உலை வைக்காத நாளிலும் வாசலில் ஒருவர் வந்து சாப்பாடு ஆச்சா என்றால் ஆச்சு என்றுதான் சொல்வோம். அதைச் சொல்லிக் கொடுத்து வளர்ப்பதில்லை, தானாக வருகிறது. நான் கேட்டதும் அவர்கள் எண்பது வீட்டிலும் அதே "ஆச்சு" என்பதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். மரியாதைக்கு மரியாதை.

அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்து, அந்தப் பெண்மணியை என் சொந்த எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் கூப்பிட்டேன். செய்யக் கூடாத காரியம். இது அலுவலகப் போன் இல்லை, எதையும் எழுதிக்கொள்ளவில்லை, உங்களை நம்பிக் கேட்கிறேன், உள்ளதைச் சொல்லுங்கள் என்றேன். அந்தப் பக்கம் கோழி கூவியது கேட்டது.

"பிள்ளை, நீங்கள் எடுத்த உடன சாப்பிட்டீங்களோ எண்டு கேட்டீங்கள். ஒராள் அப்பிடிக் கேக்கேக்க இல்லையெண்டு என்னெண்டு சொல்லுறது?"

பிறகு மெதுவாகச் சொன்னார். ஒரு வேளைதான், அதுவும் பிள்ளைகளுக்குக் கொடுத்த பிறகு மிஞ்சினால். ஊரில் எல்லா வீட்டிலும் கிட்டத்தட்ட அதே கதைதான். விதைநெல்லில் கால்வாசியைத்தான் விதைத்திருக்கிறார், மிச்சத்தைக் குத்திக் கஞ்சி வைத்துவிட்டார்கள். ஊரில் கேட்டவர்களிடம் மழையில் அழுகிவிட்டது என்று சொல்லியிருக்கிறார். இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை என்றும் சொன்னார்.

நான் டீம் லீடரிடம் போய், கேட்ட முறை தப்பு, தப்பு என்னுடையது, எண்பது வீட்டையும் மறுபடி கூப்பிட விடுங்கள் என்றேன். யார் என்ன சொன்னார்கள் என்று சொல்லவில்லை. அவர் நெற்றியைத் தேய்த்தார். இந்த முறை எல்லாமே ஒலிப்பதிவாகும், மேலே உட்கார்ந்து கேட்பார்கள், ஒரு வார்த்தை கூடவோ குறையவோ கூடாது, இரண்டு நாள்தான் என்று சம்மதித்தார். அந்த அளவுக்கு அவருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

அந்த இரண்டு நாளும் நான் பெரியபாளையத்துக்காரன் மாதிரியே பேசினேன். வணக்கம், மறு கணக்கெடுப்பு, நேற்று எத்தனை வேளை. சாப்பிட்டீங்களா இல்லை, நல்லா இருக்கீங்களா இல்லை. போன முறை அன்பாகப் பேசிய பெண்பிள்ளையா இது என்று சிலர் கேட்டார்கள். ஒருவர், என்ன பிள்ளை, கோவமோ என்றார். பதில் சொல்லாமல் அடுத்த கேள்விக்குப் போனேன். அப்படிக் கேட்டதும் உண்மை வந்தது. ஒன்று, ஒன்று, இரண்டு, ஒன்று. பெரியவர்கள் சாப்பாட்டைக் குறைத்தார்களா, ஆம். கடன் வாங்கிச் சமைத்தீர்களா, ஆம். ஒரு நாள் முழுவதும் பட்டினியா, ஆம். விதைநெல், இல்லை, இல்லை, இல்லை. முதல் பத்து வீடு வரைக்கும் ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்துப் பார்த்து அழுத்தினேன். இருபதுக்குப் பிறகு கை தானாக ஓடியது. நாற்பதுக்குப் பிறகு குரல்களுக்கு நடுவில் வித்தியாசமே தெரியவில்லை, ஒரே ஆள் திரும்பத் திரும்பப் பேசுவது மாதிரி இருந்தது. ஆறேழு வீடுகளில் போனை எடுக்கவில்லை. மூன்று முறை அடித்துப் பார்த்துவிட்டு, தொடர்பு கிடைக்கவில்லை என்ற கட்டத்தை அழுத்தினேன்.

இரண்டாம் நாள் மதியம் அந்தப் பெண்மணியின் எண் வந்தது. எண்ணைப் பார்த்ததும் அவர் என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று சொன்னால் பொய். எடுத்தார், என் குரலைக் கேட்டதும் சந்தோஷப்பட்டார். நான் வணக்கம், மறு கணக்கெடுப்பு, நேற்று எத்தனை வேளை என்றேன்.

ஒன்று என்றார். திரை திறந்தது. ஒவ்வொன்றாகக் கேட்டேன், ஒவ்வொன்றுக்கும் ஆம் என்றார். கடைசிக் கேள்வியையும் அதே குரலில் வாசித்தேன்.

"இதையும் எழுதுவீங்களோ?"

"எழுதணும்மா."

"சரி, எழுதுங்கோ. உங்களுக்குத் தெரிஞ்சதுதானே."

ஆம் என்ற கட்டத்தை அழுத்தினேன். நன்றி சொல்லி வைத்தேன். அடுத்த எண்ணைப் போட்டேன். இவ்வளவும் ஆறு நிமிடம். பயிற்சி நாளில் இதே கேள்விக்காக மேசையைத் தட்டிப் பேசியவள் நான். அன்று அது எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. வந்திருந்தாலும் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. மாலையில் பஸ் ஏறி, கவரைப்பேட்டையில் இறங்கி, வழியில் கத்திரிக்காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். கணவருக்கு ராத்திரி ஷிப்ட், அவருக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தேன். நன்றாகத் தூங்கினேன்.

அறிக்கை போயிற்று. மூன்று வாரத்தில் பதில் வந்தது. என் ஊருக்கு அடுத்த போகத்துக்கும் உதவி உண்டு. டீம் லீடர் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். தப்பைத் தானே ஒப்புக்கொண்டு ஒரு ஊரையே காப்பாற்றியவர் என்று என்னைக் காட்டிச் சொன்னார். பெரியபாளையத்துக்காரன் கைதட்டினான். எனக்கும் அந்த நேரத்தில் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பட்டியலை அடுத்த நாள்தான் கீழே வரைக்கும் பார்த்தேன். எண்பது எண்கள். போனை எடுக்காத வீடுகளும் அதில் இருந்தன. ஒரே ஒரு எண்ணுக்கு எதிரில் மட்டும் விதிமீறல், நீக்கம் என்று இருந்தது. அந்த ஊரில் விதைநெல்லைச் சமைத்தது அவர் வீடு ஒன்றுதானா என்று கேட்டால் நான் நம்ப மாட்டேன். மற்றவர்கள் கடைசிக் கேள்விக்கு இல்லை என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார்கள். இவரும் சொல்லியிருப்பார். படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு உங்களை நம்பிக் கேட்கிறேன் என்று ஒருத்தி உண்மையைக் கேட்டு வாங்கி வைத்திருந்ததால் அவரால் என்னிடம் மாற்றிச் சொல்ல முடியவில்லை. அவர் எண் வந்தபோது நான் கூப்பிடாமலே தொடர்பு கிடைக்கவில்லை என்று அழுத்தியிருக்கலாம். என் விரலுக்கு அந்தக் கட்டம் நன்றாகத் தெரியும், அன்று காலைகூட அதை அழுத்தியிருந்தேன்.

எனக்கு அழுகை வரவில்லை. வெட்கமாக இருந்தது என்று சொல்ல ஆசை. அதுவும் பல நாள் கழித்துத்தான் வந்தது.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வயலில் அறுத்துப் போட்ட வைக்கோலைக் கட்டிக்கொண்டிருக்கும்போது வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. அவர்தான். வணக்கம் சொல்லி ஆரம்பித்தார். ஊரில் எல்லோருக்கும் அரிசியும் விதையும் வந்துவிட்டதாம். களஞ்சியத்துக்குப் போய் வரிசையில் நின்றாராம், பெயர் இல்லை என்று அனுப்பிவிட்டார்களாம். யாரிடம் கேட்பது என்று தெரியவில்லையாம்.

"எங்கட வீட்டை மட்டும் விட்டிட்டினம் பிள்ளை. எழுதின இடத்திலை ஏதோ பிழை நடந்திட்டுது போலை. அங்கை எனக்குத் தெரிஞ்ச ஆள் நீங்கள் ஒராள்தான். ஒருக்கால் பாத்துச் சொல்லுங்கோ."

வரப்பில் உட்கார்ந்து அதை இரண்டு முறை கேட்டேன். கேட்டுவிட்டேன் என்பது அவர் போனில் தெரிந்திருக்கும். இன்றுவரை நான் பதில் போடவில்லை.